ஆயிரம் தலைவர்களும் ஒரு வெந்நீர்க் குழாயும்

யேல் பல்கலைக்கழகத்தின் மேல் யாரும் அவசரப்பட்டுக் கோபப்பட வேண்டாம். 1701இல் தொடங்கிய நிறுவனம். இளங்கலை வகுப்பில் பெண்ணும் உட்காரலாம் என்று முடிவெடுக்க அதற்கு வெறும் 268 ஆண்டுகள்தான் ஆயின. 1969இல் கதவு திறந்தபோதும், பழைய மாணவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடக் கூடாதே என்று, பல்கலைக்கழகத் தலைவர் கிங்மன் புரூஸ்டர் ஒரு வாக்குறுதியைத் தயாராக வைத்திருந்தார்: பெண்கள் வந்தாலும், ஆண்டுக்கு 1000 ஆண் தலைவர்களை நாட்டுக்குத் தரும் பணி குறையாது. செங்கல் சூளைக்காரர்கூட இவ்வளவு உறுதியாக உற்பத்திக் கணக்குச் சொல்ல மாட்டார். மழை வந்தால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு உண்டு. யேலுக்கு அந்தப் பயமும் இல்லை. ஆயிரம் என்றால் ஆயிரம்.

அந்த ஆயிரத்தில் சிலர் துடுப்பு வலித்தார்கள். துடுப்பு என்பது அங்கே வெறும் கட்டை இல்லை, குலச்சின்னம். 1843லேயே யேல் மாணவர்கள் படகுச் சங்கம் வைத்தார்கள். 1852இல் ஹார்வர்டோடு அவர்கள் மோதியதுதான் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி. செலவை ஒரு ரயில் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஆக விளம்பரதாரரும் அன்றே வந்தாயிற்று. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் யேலின் எட்டுப் பேர் படகு தங்கம் வென்றது. அதில் துடுப்பு வலித்த ஒருவர் பெஞ்சமின் ஸ்பாக். பின்னாளில் குழந்தை வளர்ப்பு நூல் எழுதி, குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது என்றுகூட உலகத்துத் தாய்மார்களுக்குப் பாடம் சொன்னாரே, அதே மருத்துவர். யேல் படகோட்டிகளுக்குக் குளியலின் அருமை தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பெண்களும் படகில் ஏறியபோதுதான் சிக்கல் வந்தது. ஏறியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, ஜெயிக்கவும் தொடங்கினார்கள். ஆன் வார்னர் 1975 உலகப் போட்டியில் வெள்ளி வென்ற அமெரிக்க எட்டுப் பேர் படகில் இருந்தவர். அணித் தலைவி கிறிஸ் எர்ன்ஸ்ட், தன்னைவிட ஒரு தலை உயரமான பெண்களோடு போட்டியிட்டே பழகியவர். அடுத்த ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக். யேலின் நீலச் சட்டையில் இவர்கள் ஜெயித்ததெல்லாம் யேலின் கணக்கில் ஏறியது. மற்ற செலவெல்லாம் அவர்கள் உடம்பின் கணக்கில்.

துடுப்புப் படகுப் போட்டியைக் கரையிலிருந்து பார்க்கிறவருக்கு அது வழுக்கிக்கொண்டு போகும் ஓர் அழகு. உள்ளே உட்கார்ந்தவருக்குக் கதை வேறு. இருக்கை முன்னும் பின்னும் உருளும். இழுப்பது கை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் உதைப்பது தொடை. ஒவ்வோர் இழுப்பிலும் முன்னால் இருப்பவரின் துடுப்பிலிருந்து தெறிக்கும் தண்ணீர் பின்னால் இருப்பவரின் மேல் விழும். படகோட்டிகள் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். எங்கே போகிறோம் என்பது சுக்கான் பிடிக்கும் ஒருவருக்கு மட்டுமே தெரியும். பெண்கள் விளையாட்டை நிர்வகித்தவர்களும் இதே முறையைத்தான் கையாண்டார்கள். அங்கே சுக்கான் பிடிக்க மட்டும் ஆள் போடவில்லை.

யேலின் படகுகள் இருந்தது டெர்பி என்ற ஊரில், ஹூசடானிக் ஆற்றங்கரையில், ஊரை விட்டுத் தள்ளி. குளிர்காலம் முடிந்தும் முடியாத நாட்களில் அங்கே பயிற்சி. மழை தோலிலேயே உறையும். உள்ளே வியர்வை, வெளியே பனி. இரண்டு மணி நேரம் வலித்துவிட்டுக் கரையேறினால் ஆண்கள் நேராகப் படகு இல்லத்துக்குள் போவார்கள். அங்கே ஷவர், வெந்நீர், உலர்ந்த துணி எல்லாம் உண்டு. பெண்கள் பஸ்ஸில் ஏறுவார்கள். பெண்களுக்கு அந்தக் கட்டடத்தில் குளியலறை இல்லை. ஆண்கள் குளித்து, தலை துவட்டி, கதை பேசி வரும்வரை, அரை மணி நேரம், ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பு சூட்டில் பனி உருகி உடைக்குள் இறங்கும். அது உள்ளிருந்து ஊறிய வியர்வையோடு சேரும். அதன் பிறகுதான் வண்டி கிளம்பும். 1976 மார்ச் தொடக்கத்தில் அணியில் அரை டஜன் பேருக்கு உடம்பு சரியில்லை. இரண்டு நாளில் பயிற்சி ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகப் போகிறது. அதாவது ஈரத்துணியும் இரண்டு வேளை.

எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யேலுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். நிரந்தர வசதிக்கான திட்டம் இருந்தது, அது விழுந்தது. திட்டம் விழுந்ததும் பயிற்சியாளர் நேட் கேஸ் ஷவர் வைத்த டிரெய்லர் ஒன்றுக்குச் சொல்லி ஏற்பாடு செய்தார். அதைப் பயன்படுத்த உள்ளூர் கட்டட விதிகளிலிருந்து விலக்கு அனுமதி வேண்டும். அனுமதி வாங்க வேண்டும் என்று அவர் நிர்வாகத்துக்கு நான்கு முறை சொன்னார். நான்கு முறையும் நிர்வாகம் காது கொடுத்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காதுக்குப் பிறகு ஒரு கை உண்டு, அது ஒரு தாளில் கையெழுத்துக்கு அலைய வேண்டும் என்பதுதான் 275 வயதான நிறுவனத்துக்கு மறந்துபோனது. சந்திரனுக்கு ஆள் அனுப்பி ஏழாவது ஆண்டு நடந்துகொண்டிருந்த நாட்டில், ஒரு டிரெய்லருக்குத் தண்ணீர் விட அனுமதி கிடைக்கவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1972இல் நிக்சன் கையெழுத்திட்ட டைட்டில் நைன். ஆங்கிலத்தில் 37 வார்த்தைகள். அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் வேறுபாட்டால் யாரையும் ஒதுக்கக் கூடாது என்பது சாரம். அதில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் விளையாட்டுக்காரர்களுக்குத்தான் முதலில் வயிற்றைக் கலக்கியது. டெக்சாஸ் செனட்டர் ஜான் டவர் 1974இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: பணம் ஈட்டும் விளையாட்டுகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டுமாம். பெண்களுக்கு ஒரு குழாய் வைத்தால் அமெரிக்கக் கால்பந்து அழிந்துவிடும் என்ற அச்சம். திருத்தம் தோற்றது. 1975இல் விதிமுறைகள் வந்தன. கூடவே, கல்லூரிகள் நிதானமாகத் தயாராகட்டும் என்று மூன்று ஆண்டு அவகாசமும் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரிக்கு யோசிக்க மூன்று வருடம் தருவதாகச் சாமியே எழுதிக் கொடுத்துவிட்டது.

1976 மார்ச் 3. பெண்கள் விளையாட்டுக்குப் பொறுப்பான ஜோனி பார்னெட்டின் அலுவலக அறைக்குள் 19 பேர் நுழைந்தார்கள். நியூயார்க் டைம்ஸுக்குச் செய்தி அனுப்பும் மாணவர் ஒருவரும் ஒரு புகைப்படக்காரரும் கூடவே வந்தார்கள். பெண்கள் உடைகளைக் கழற்றினார்கள். முதுகிலும் மார்பிலும் யேலின் நீல நிறத்திலேயே டைட்டில் நைன் என்று எழுதியிருந்தது. கிறிஸ் எர்ன்ஸ்ட் ஓர் அறிக்கையை வாசித்தார். யேல் சுரண்டுவது இந்த உடம்புகளைத்தான், பாருங்கள் என்றார். வசந்தகாலத்தில் யேலுக்காகப் பலம் காட்டும் ஆரோக்கியமான பொம்மைகள் இல்லை நாங்கள், வெற்றிப் பட்டியலில் வெறும் எண்ணும் இல்லை என்றார். எங்கள் பயிற்சியாளருக்கு இது தெரியாது, அவரைப் பழிவாங்கிவிடாதீர்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார். கேட்டது மாளிகை இல்லை. போதாது என்று தெரிந்தே கேட்டார்கள், அந்த டிரெய்லரையாவது உடனே திறந்துவிடுங்கள் என்று. உடுத்திக்கொண்டு வெளியேறினார்கள். மறுநாள் நியூயார்க் டைம்ஸில் வந்தது. அதற்கப்புறம் எங்கும் வந்தது.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரும் ஒரு பெண் என்பதைக் கவனித்தீர்களா? ஆயிரம் ஆண் தலைவர்களை வார்த்தெடுக்கும் நிறுவனம், அடி விழும் நாற்காலியில் மட்டும் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தது. ஹூசடானிக் ஆற்றில் எப்போதும் நனைந்தது பெண்கள். அலுவலகத்தில் அன்று நனைந்ததும் ஒரு பெண். பணப்பெட்டியின் சாவியை வைத்திருந்த கனவான்கள் அன்று எந்த அறையில் இருந்தார்கள் என்று புகைப்படத்தில் தெரிவதில்லை. அவர்கள் உலர்ந்திருந்தார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

இனி ஒழுக்கம் பற்றிப் பேசலாம். பெண் பிள்ளைகள் இப்படியா செய்வது என்று கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லாத உலகம் இது. கேட்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த 19 பேரும் முந்தைய வசந்தகாலத்திலிருந்து முழுக்க உடுத்திக்கொண்டுதானே நடுங்கினார்கள்? ஓர் ஆண்டு முழுக்க, மானத்தோடு, மரியாதையோடு, முறையான வழியில் கேட்டார்களே, அப்போது யார் கண்ணுக்குத் தெரிந்தார்கள்? ஈரச் சட்டை போட்ட உடம்பு யேலுக்குத் தெரியவில்லை. காய்ச்சல் தெரியவில்லை. பயிற்சியாளரின் நான்கு நினைவூட்டல் தெரியவில்லை. நாட்டின் சட்டம் தெரியவில்லை. அதே உடம்பு செய்தித்தாளில் முதுகைக் காட்டியபோது, சட்டென்று பார்வை வந்துவிட்டது! அடுத்த ஆண்டு பெண்களுக்குக் குளியலறையும் உடை மாற்றும் அறையும் வந்தன. அனுமதி, திட்டம், நிதி, எல்லாம் இருந்திருக்கிறது. வெட்கம் ஒன்றுதான் குறைவாக இருந்தது. அதையும் அந்தப் பெண்களே கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோடையில் மான்ட்ரியல். ஆண்களின் துடுப்புப் படகு 1900இலிருந்து ஒலிம்பிக்கில் ஓடுகிறது. பெண்களுக்கு 76 வருடம் கழித்து இடம் கிடைத்தது. ஆண்களுக்கு எட்டுப் போட்டி, பெண்களுக்கு ஆறு. ஆண்களுக்கு 2000 மீட்டர், பெண்களுக்கு 1000. பயிற்சியில் நாள் தவறாமல் அதைப் போலப் பல மடங்கு வலிக்கிற பெண், போட்டியன்று பாதியிலேயே சுருண்டுவிடுவாள் என்று பெரியவர்களுக்குக் கவலை. அந்தக் கருணை 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வரை நீடித்தது. பாதித் தூரத்துக்குக் கொடுத்த பதக்கத்தையும் பாதியாக வெட்டிக் கொடுக்காமல் விட்டார்களே, அதற்கு நன்றி.

மான்ட்ரியலில் பெண்களின் ஆறு தங்கத்தில் நான்கு கிழக்கு ஜெர்மனிக்குப் போனது. அந்த அரசு தன் வீராங்கனைகளுக்கு, சிறுமிகள் உட்பட, ஹார்மோன் மாத்திரையைத் திட்டம் போட்டுக் கொடுத்த கதை பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஆவணங்களோடு வெளிவந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அரசே பெண்ணின் உடம்புக்குள் புகுந்து வேலை செய்தது. இந்தப் பக்கம் ஒரு வாளி வெந்நீருக்கு உடம்பே வெளியே வந்து நிற்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் பதக்கத்தை எண்ணியவர்கள் கோட்டு போட்டவர்கள்.

அமெரிக்காவின் எட்டுப் பேர் படகு வெண்கலம் வென்றது. ஆன் வார்னர் அதில் இருந்தார். அனிதா டெஃப்ரான்ட்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணும் அதில் இருந்தார். அவர் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சட்டம் படித்தவர். 1980 மாஸ்கோவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது. ஜிம்மி கார்ட்டர், நம் வீரர்கள் மாஸ்கோவுக்குப் போகக் கூடாது என்றார். படையை எதிர்த்துப் படை அனுப்புவது செலவு. படகை நிறுத்துவது சுலபம். நாலு வருடம் உழைத்த உடம்பின் மேல் உரிமை யாருக்கு என்று டெஃப்ரான்ட்ஸ் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியின் மேல் வழக்குப் போட்டார். தோற்றார். போகாத போட்டிக்காக அந்த அணிக்கு அமெரிக்கக் காங்கிரஸ் ஆறுதல் பதக்கம் கொடுத்தது: வெண்கலத்தின் மேல் தங்க முலாம். கார்ட்டர் காலத்து வெளியுறவுக் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் நான் பார்த்ததில்லை. வழக்காடிய அந்தப் பெண் 1986இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினர் ஆனார், பிறகு துணைத் தலைவரும் ஆனார். அவரைத் தடுத்தவர்களும் அன்று கை தட்டியிருப்பார்கள். கை தட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டியதில்லை அல்லவா.

இங்கிலாந்தைப் பார்த்து ஆறுதல் தேடலாம் என்று நினைத்தால் அங்கே இன்னும் வேடிக்கை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆண்கள் 1829இலிருந்து படகில் மோதுகிறார்கள். பெண்கள் 1927இல் மோதியபோது, இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் ஓட அனுமதியில்லை. தனித்தனியே ஓட்டிக்காட்ட வேண்டும். வேகத்தோடு நளினத்துக்கும் மதிப்பெண். மூச்சு வாங்குவதும் அழகாக இருக்க வேண்டுமாம். ஆண்கள் ஓட்டும் அதே தேம்ஸ் தடத்தில், அதே நாளில் ஓட்டப் பெண்களுக்கு 2015இல்தான் வழி பிறந்தது. 1839இல் தொடங்கிய ஹென்லி போட்டியில், தனிப் படகுப் பெண்ணுக்கென்று முழு அந்தஸ்தோடு ஒரு பந்தயம் வர 1993 ஆனது. அதே ஹென்லியில் பெரிய மனிதர்கள் உட்காரும் பகுதிக்குள் வரும் பெண்ணின் பாவாடை முழங்காலை மறைக்க வேண்டும் என்பது சட்டம். கால்சட்டை போட்டு வரலாம் என்று 2021இல் அருள் பாலித்தார்கள். ஆற்றில் இறுகிய உடுப்பில் துடுப்பு வலித்துக் கோப்பையை ஜெயித்தவள், பார்வையாளராக வந்தால் முழங்கால் பரிசோதனை! கலாச்சாரத்துக்கு எப்போதும் எங்கோ ஒரு முழங்கால் தேவைப்படுகிறது.

எர்ன்ஸ்டுக்கு வருவோம். மான்ட்ரியலோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1986இல், நாட்டிங்ஹாம் உலகப் போட்டியில், எடை குறைந்தோர் இருவர் படகில் தங்கம் வென்றார். யேலில் முதுகைக் காட்டிப் பத்து வருடம் கழித்து. வயிற்றுப்பாட்டுக்கு அவர் எடுத்த தொழில் என்ன தெரியுமா? பிளம்பர். பாஸ்டனில் சொந்தக் கம்பெனி. யேலில் படித்து வந்தவர் வால் ஸ்ட்ரீட்டுக்கோ வாஷிங்டனுக்கோ போகாமல் ஊர் வீடுகளுக்குத் தண்ணீர் வரும் வழி பார்த்துக் குழாய் முடுக்கினார். 275 ஆண்டுக் கல்வி, அத்தனை நூலகங்கள், அத்தனை ஆயிரம் தலைவர்கள், எல்லாம் சேர்ந்து செய்து முடிக்காத ஒரு வேலையை அவர் ஒரு ஸ்பானரோடு தினமும் செய்துகொண்டிருந்தார். 1999இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. எடுத்த மேரி மாசியோவும் ஒலிம்பிக் படகோட்டிதான். இன்று யேல் அந்த மார்ச் 3ஐத் தன் பெருமையான வரலாறாகச் சொல்லிக்கொள்ளலாம். நிறுவனங்களுக்கு அந்த வசதி உண்டு: எதிர்த்தவர்கள் ஜெயித்துவிட்டால், எதிர்ப்பையும் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

பின்னால் வந்தவர்கள் அந்த வெந்நீருக்குக் கணக்குக் கொடுக்காமல் இல்லை. 2006 முதல் 2016 வரை, உலகப் போட்டியானாலும் ஒலிம்பிக்கானாலும், அமெரிக்கப் பெண்களின் எட்டுப் பேர் படகைத் தொடர்ந்து 11 ஆண்டுகள் எவராலும் தோற்கடிக்க முடியவில்லை. கல்லூரிகளுக்கும் பெண் படகோட்டிகளின் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. ஏன் என்று பார்த்தால், அமெரிக்கக் கால்பந்து. ஒரு பெரிய கல்லூரியின் கால்பந்து அணிக்கு மட்டும் அப்போது 85 உதவித்தொகை. டைட்டில் நைன் தராசில் அதற்கு ஈடாகப் பெண் தட்டில் எதையாவது போட வேண்டும். ஒரு படகில் ஒன்பது பேர் அடங்குவார்கள். நாலைந்து படகு வாங்கினால் பெயர்ப் பட்டியல் நிறைந்துவிடும். 1997இல் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியும் வந்தது. ஒரு காலத்தில் அந்தப் பெண்களுக்குக் குளிக்க இடமில்லை. இப்போது கால்பந்தின் பாவத்தைக் கழுவவே அவர்கள் தேவைப்படுகிறார்கள்.

பெண் படகோட்டி என்ற பெயருக்கு இப்படி விலை ஏறியதும் சந்தை சும்மா இருக்குமா? 2019இல் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை மோசடி வெளிவந்தது. நடிகை லோரி லாக்லினும் அவர் கணவர் மோசிமோ ஜியானுலியும், துடுப்பு வலித்தே அறியாத தங்கள் இரண்டு மகள்களை, தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படகோட்டும் வீராங்கனைகள் என்று சேர்க்க 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். ஆதாரமாகப் பிள்ளைகளைப் படகோட்டும் பயிற்சி இயந்திரத்தில் உட்கார வைத்து எடுத்த படங்கள். ஆற்றைப் பார்க்க வேண்டாம், பனியில் உறைய வேண்டாம், கையில் ஒரு கொப்புளம் வேண்டாம். அம்மாவுக்கு இரண்டு மாதம், அப்பாவுக்கு ஐந்து மாதம் சிறை.

அந்த மோசடிப் பட்டியலில் யேலும் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அதன் பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர். ஆடவே தெரியாத ஒரு மாணவியை ஆட்டக்காரி என்று சொல்லிச் சேர்த்ததற்கு அவருக்கு வந்த காசோலை 4 லட்சம் டாலர். அதற்கு யாரும் எந்த அதிகாரியிடமும் விலக்கு அனுமதி கேட்கவில்லை, யாரும் நான்கு முறை நினைவூட்டவும் இல்லை.